தழும்பை எந்த நாளில் வரைவது: கயேலிட்சாவின் உடல் வரைபடங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

கேப் டவுன் நகரத்துக்கு வெளியே உள்ள மணல்வெளியில் 1980களில் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கறுப்பின மக்களைக் குடியமர்த்திய இடம் கயேலிட்சா. 2002இல் அங்கே எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த பெண்கள் சிலர் ஆளுயரத் தாளில் படுத்து, உடலைச் சுற்றி இன்னொருவர் கோடு வரையக் கொடுத்தார்கள். பிறகு அந்தக் கோட்டுக்குள் தங்கள் தழும்பு, நோய், மருந்து, பயம், ஆசை எல்லாவற்றையும் வண்ணத்தில் நிரப்பினார்கள். பாம்பனானி மகளிர் குழு என்று அவர்களுக்குப் பெயர். உடன் நின்று வழிநடத்தியவர் ஜேன் சாலமன் என்ற கேப் டவுன் ஓவியர். இன்று புற்றுநோய், நாள்பட்ட வலி, அகதி வாழ்க்கை என்று பல இடங்களில் கையாளப்படும் 'உடல் வரைபடம்' என்ற கலைமுறை இந்தப் பட்டறையிலிருந்துதான் பெரும்பாலும் கிளைத்தது.

முறையைப் பின்பற்றுகிறவர்கள் தாளையும் வண்ணத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வதைத்தான் அடிக்கடி பார்க்க முடிகிறது. கயேலிட்சாவில் அதைத் தாங்கி நின்றவை வேறு இரண்டு: கைக்கு எட்டிய மருந்து, பயிற்சிகளின் வரிசை. இரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது, ஒருவரைத் தரையில் படுக்கவைத்து அவருடைய காயத்தைக் கிளறிவிட்டு வீட்டுக்கு அனுப்புகிற வேலை.

மருந்து வந்த நேரம்

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு (எம்.எஸ்.எஃப்.) 2000இல் கயேலிட்சாவின் மூன்று அரசு ஆரம்ப சுகாதார மையங்களில் எச்.ஐ.வி. பிரிவுகளைத் திறந்தது. 2001 மே மாதம், வைரஸ் பெருகாமல் தடுக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. நாட்டின் அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து அப்போது கிடையாது. எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே அதிபர் தாபோ எம்பெக்கி கேள்வி எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுத்தாக வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2002 ஜூலை 5 அன்று உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தது சிகிச்சைக்காகப் போராடிய டி.ஏ.சி. இயக்கம். நாடு தழுவிய சிகிச்சைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுக்க 2003 நவம்பர் ஆகிவிட்டது.

கயேலிட்சாவில் முதலில் சிகிச்சைக்கு வந்த 287 பெரியவர்களின் விவரம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சி.டி.4 என்பது எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் நோய் எதிர்ப்பு வெள்ளணு. சிகிச்சை தொடங்கியபோது அவர்களுடைய ரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கையின் இடைநிலை அளவு 43. அன்றைய விதிப்படி 200க்குக் கீழே போனாலே மருந்து தொடங்க வேண்டும். அதாவது, வந்தவர்களில் பலர் படுக்கையை ஒட்டிய நிலையில் இருந்தவர்கள். இரண்டு ஆண்டு முடிவில் 86.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

இந்த எண்களை இங்கே எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. உடல் வரைபடத்துக்கு முன்பு அந்தப் பெண்களிடம் இருந்தது நினைவுப் பெட்டி. 1990களில் உகாண்டாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த தாய்மார்களின் நாக்வோலா அமைப்பு, பிள்ளைகளுக்காக நினைவுப் புத்தகம் எழுதும் வழக்கத்தை வளர்த்தது. குடும்பக் கதை, புகைப்படம், அம்மாவுக்குப் பிடித்தது, பிள்ளை பிறந்த நாளின் விவரம் ஆகியவை அதில் இருக்கும். அம்மா போன பிறகு பிள்ளை படிப்பதற்கு. அதையே பெட்டியாக மாற்றிக் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவு ஒன்று மனநல நிபுணர் ஜொனாதன் மார்கன் தலைமையில் நடத்தியது. மருந்து இல்லாத ஊரில் அது நியாயமான ஏற்பாடு. மருந்து வந்து, எடை ஏறி, துணி துவைக்கவும் வேலை தேடவும் தெம்பு வந்துவிட்ட பெண்ணுக்கு அந்தப் பெட்டி போதாது. இனி அவர் நினைவை அடைத்துவைத்துவிட்டுப் போகப்போகிறவர் இல்லை. நோய் வந்துபோன உடலோடு இன்னும் பல ஆண்டு வாழப்போகிறவர். அதற்கு அந்த உடலையே பார்த்தாக வேண்டியிருந்தது.

உடலை வரையச் சொல்வது இதற்கு முன்னும் உண்டு. ஆண்ட்ரியா கார்ன்வால் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் ஜிம்பாப்வே கிராமங்களில், கருத்தடை பற்றிய பேச்சின்போது உடலின் உட்புறம் எப்படி இருக்கும் என்று பெண்களையே வரைந்து காட்டச் செய்தார். அது ஒருவர் அறிவைத் தெரிந்துகொள்ளும் கருவி. கயேலிட்சாவில் அது வரைகிறவரின் சொந்த உடல், சொந்த அளவு, சொந்தப் பெயர் என்று ஆனது.

தாள், வண்ணம், அறை

சாலமன் தம் அனுபவத்தைப் பின்னாளில், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் மனநல ஆதரவுக்காக இயங்கும் ரெப்சி அமைப்புக்காக வழிகாட்டி நூலாக எழுதினார். அதன் பயிற்சிகளை அடிப்படையாக வைத்து, நடைமுறையில் கைகொடுக்கும் அளவுகளைச் சேர்த்து இந்தப் பகுதி எழுதப்படுகிறது.

ஒருவருக்கு 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலத் தாள் வேண்டும். அகலம் குறைந்தால் கையை விரிக்க முடியாது, இரண்டாவது உருவத்துக்கும் இடம் இருக்காது. கடையில் கிடைக்கும் காக்கித் தாள் உருளை பெரும்பாலும் நான்கடிதான். அப்போது இரண்டு துண்டை 5 செ.மீ. மேலேற்றி ஒட்டி, பின்பக்கம் அகல டேப் போட வேண்டும். ஒட்டு உடலின் நடுவில் வரக்கூடாது. பக்கவாட்டில் வரும்படி ஒரு முழு அகலமும் ஒரு குறுகலான துண்டுமாகச் சேர்ப்பது நல்லது. எடை 120 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு 120 கிராம்) குறைந்த தாள் தண்ணீர் வண்ணம் பட்டதும் சுருங்கி அலையலையாகிவிடும். ஐந்து நாள் தேய்ப்பையும் மிதியையும் அது தாங்காது.

முதல் கோட்டுக்கு மெழுகு கிரேயான் சிறந்தது. மேலே வண்ணம் பூசினாலும் மெழுகு அதை ஏற்காமல் கோடு தெரிந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஈரம் பட்டதும் முகமும் கழுத்தும் கலங்கிவிடும். போஸ்டர் கலர் மலிவு. ஆனால் தடிமனாகப் பூசினால் சுருட்டும்போது உதிரும். அக்ரிலிக் உதிராது. வெயில் காலத்தில் சுருட்டிவைத்தால் வண்ணத்தோடு வண்ணம் ஒட்டிக்கொள்ளும் என்பது அதன் குறை. அதற்கு இடையில் பட்டர் பேப்பர் வைத்து, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்ட வேண்டும். பத்துப் பேருக்கு சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு அரை லிட்டர் வீதம், வெள்ளை ஒரு லிட்டர் என்று கணக்கு வைக்கலாம். பழுப்பு நிறத்தைத் தனியாகவே ஒரு லிட்டர் வாங்குங்கள். கறுத்த தோலுக்கு ஏற்ற நிறம் மேசையில் இல்லாமல், எல்லாரும் இளஞ்சிவப்பில் முகம் தீட்டிக்கொண்டிருந்தால் பட்டறை தொடங்கும்போதே தோற்றுவிட்டது.

அறை கதவு அடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருவருக்குத் தரையில் சுமார் 2 மீட்டருக்கு 3 மீட்டர் இடம். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும், அவர்களுக்கு வழிநடத்துபவர் இருவர். இருவரில் ஒருவராவது ஆற்றுப்படுத்தலில் (கவுன்சலிங்) பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். வாளித் தண்ணீர், சோப்பு, துண்டு மறக்கக்கூடாது. உள்ளங்காலில் வண்ணம் பூசி அச்சு எடுத்தவர் கழுவ வழியில்லாமல் நிற்பது பரிதாபம்.

கோடு

படுக்கும் முன் எந்த நிலையில் இருப்பது என்று ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டும். கையைத் தூக்கியா, இடுப்பில் வைத்தா, ஒருக்களித்தா? அவசரமாகப் படுக்கச் சொன்னால் எல்லா உருவமும் பிணவறைப் படம்போல நேராக வரும். பின்னர் அந்த நிலையே வரைகிறவரை அமுக்கும்.

கிரேயானைத் தாளுக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். உள்பக்கம் சாய்த்தால் கோடு உடலுக்கு அடியில் போய் உருவம் ஒல்லியாகும், வெளிப்பக்கம் சாய்த்தால் ஊதிப்போகும். எடை இழந்து மீண்டவருக்கு இந்த இரண்டு விரல் பிழை சாதாரண விஷயம் இல்லை. கோட்டைப் பார்த்து 'இன்னும் இவ்வளவு மெலிவா?' என்று அவர் உடைந்துபோகலாம். விரல்களை அகட்டி ஒவ்வொன்றாகச் சுற்றி வர வேண்டும். தொடையின் உட்புறத்தை, கோடு வரையும் துணைவர் வரையவே கூடாது. ஒரு முழங்காலில் கோட்டை நிறுத்தி மறு முழங்காலில் தொடங்கினால் போதும், எழுந்த பிறகு அவரே இணைத்துக்கொள்வார். யார் வரைவது என்பதைப் படுக்கிறவர் தீர்மானிக்க வேண்டும். தரையில் படுக்க முடியாதவருக்குத் தாளைச் சுவரில் ஒட்டி நிற்கவோ நாற்காலியில் உட்காரவோ வைத்து வரையலாம்.

அடுத்தது இந்த முறையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு. அதே தாளில், அதே உடலுக்குப் பின்னால் நிற்பதுபோல, துணைவரின் வெளிக்கோடும் வரையப்படுகிறது. பாம்பனானி படங்களைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இந்த இரட்டை உருவம்தான். நிழல் மாதிரி ஒருவர் பின்னால் நின்று தாங்குகிறார். அவர் யார் என்பதை வரைகிறவரே சொல்வார்: அம்மா, தோழி, மகள், செவிலியர். கயேலிட்சா சிகிச்சைத் திட்டத்தில் மருந்து தொடங்கும் முன் நோயாளி தன் நிலையை ஒருவரிடமாவது சொல்லியிருக்க வேண்டும், மருந்து சாப்பிட நினைவூட்டும் துணை ஒருவர் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. மருத்துவமனை கேட்ட துணையும் தாளில் வந்த நிழலும் ஒன்றையொன்று பலப்படுத்தின என்பது எங்கள் கணிப்பு.

ஐந்து நாளும் தழும்பும்

முழுப் பட்டறைக்கு ஐந்து நாள் வேண்டும். முதல் இரண்டு நாளில் காயத்தைத் தொடவே கூடாது. வெளிக்கோடு, நிழல், கை கால் அச்சு, காலடியில் 'எங்கிருந்து வந்தேன்' என்பதற்கான சின்னம், தலைக்கு மேல் 'எதை நோக்கிப் போகிறேன்' என்பதற்கான சின்னம், இரண்டையும் இணைக்கும் பாதை, தன்னைத் தாங்கும் ஆட்களின் பெயர்கள் உருவத்தைச் சுற்றி. அதன்பின் உடலில் வலிமை எங்கே இருக்கிறது என்று தேடும் பயிற்சி. தலையிலிருந்து கால்வரை மனதால் தடவிப் பார்த்து ஓர் இடத்தைக் கண்டு, அங்கே ஒரு சின்னம் தீட்டுவது. கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். மூடினால் பயப்படுகிறவர்கள் அறையில் நிச்சயம் இருப்பார்கள்.

தழும்பு மூன்றாம் நாள் காலையில். மாலையில் தொடங்கினால் கிளறிய நினைவோடு இரவு தனியாகக் கழியும். முதலில் தோலின் மேல் இருப்பவை: சிறு வயதில் விழுந்த காயம், தடுப்பூசி வடு, அடுப்பில் சுட்டது, பிரசவ அறுவைத் தையல். சிறியதிலிருந்து பெரியதுக்குப் போக வேண்டும். முழங்கால் சிராய்ப்புக் கதையில் எல்லாரும் சிரித்துவிட்ட பிறகுதான் அடுத்ததற்கு வாய் வரும்.

எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் தாளில் அக்கித் தழும்பை உற்றுப் பார்க்க வேண்டும். அக்கி ஒரு நரம்பின் பாதையைப் பிடித்து வரும். முதுகெலும்பில் தொடங்கி விலாவைச் சுற்றி முன்பக்கம் வந்து, நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றுவிடும். பாடப்புத்தகம் படிக்காதவரும் அதை அனுபவித்தவர் என்றால் ஒரு பக்கப் பட்டையாக, நடுவில் நிறுத்தித்தான் வரைவார். உடல் எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை. பலருக்கு அந்த அக்கிதான் முதல் அறிகுறி. பரிசோதனைக்குப் போனதும் அதனால்தான். ஆகவே அந்தப் பட்டையைத் தீட்டும்போது முடிவு சொல்லப்பட்ட அறையும், யாரிடம் முதலில் சொன்னோம், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதும் கூடவே வரும்.

பிறகு தோலுக்கு அடியில் இருப்பவை. நுரையீரலில் காசநோய், சேர்ந்த எலும்பு, வயிற்றில் கவலை, ரத்தத்தில் வைரஸ். கயேலிட்சாப் பெண்களுக்கு டி.ஏ.சி.யின் சிகிச்சைக் கல்வி வகுப்புகள் வழியாக வைரஸ் எந்த ரத்த வெள்ளணுவைத் தாக்குகிறது, மருந்து எங்கே தடுக்கிறது என்பது தெரிந்திருந்தது. அதனால் வைரஸை அவர்கள் இருட்டாகவோ பேயாகவோ வரையவில்லை. ரத்தத்தில் மிதக்கும் புள்ளிகளாக, எண்ணிவிடக்கூடிய ஒன்றாக வரைந்தார்கள். மருந்துக்கும் ஒரு வண்ணமும் வடிவமும் கிடைத்தது. அறிவியல் வகுப்பு முன்னால் நடக்காத இடத்தில் இதே பயிற்சியைச் செய்தால் வைரஸ் உடல் முழுக்கக் கறுப்பாகப் பரவும். வரைந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

நான்காம் நாள் மறுபடி தாங்குகிறவர்களிடமிருந்து தொடங்கி, பின்னணியை நிரப்பி, முகத்துக்கு வர வேண்டும். முகத்தை முதலிலேயே வைத்தால் 'எனக்கு வரைய வராது' என்ற தயக்கத்தில் ஒரு நாள் வீணாகும். மூன்று நாள் தூரிகை பிடித்த பிறகு கண்ணாடி கொடுத்தால் கை ஓடும். ஐந்தாம் நாள் ஒரு முழக்க வரி, பிறருக்கு ஒரு செய்தி. பிறகு ஒவ்வொருவரும் தன் படத்தின் முன் நின்று விரும்பிய அளவு பேசுவது. பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு.

எங்கே கெடும்

ஐந்து நாளை அரை நாளாக்குவதுதான் மிகப் பெரிய கேடு. நிதி இல்லை, பங்கேற்பவர்களுக்கு நேரம் இல்லை என்பார்கள். அப்போது வெட்டுப்படுவது எப்போதும் முதல் இரண்டு நாள்தான். 'சுவாரசியமான' தழும்புப் பகுதி மட்டும் நிற்கும். அரை நாள்தான் இருக்கிறது என்றால் தழும்பை விட்டுவிட்டு நிழலும் வலிமைச் சின்னமும் மட்டும் செய்யுங்கள்.

வழிநடத்துபவர் பொருள் சொல்வது அடுத்தது. 'கறுப்பு தீட்டியிருக்கிறீர்களே, துக்கமா?' என்று ஒரு முறை கேட்டுவிட்டால் அறையில் யாரும் கறுப்பைத் தொடமாட்டார்கள். கேட்கத் தகுந்தது 'இது என்ன?' என்பது மட்டும்.

ஒருவர் பேச்சை நிறுத்தி, பார்வை நிலைகுத்தி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தீட்டிக்கொண்டிருந்தால் அது ஆழ்ந்த ஈடுபாடு அல்ல. பழைய அதிர்ச்சிக்குள் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாதத்தைத் தரையில் அழுத்தி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தாளின் வெளிப்பகுதியில் ஏதாவது செய்யச் சொல்லலாம். அன்று அந்த இடத்துக்குத் திரும்பக் கூடாது. எங்கே அனுப்புவது என்ற ஆற்றுப்படுத்துநரின் தொடர்பு முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு என்ன பயன்

படம் வைரஸைக் குறைத்தது என்று யாரும் சொல்லக்கூடாது. குறைத்தது மருந்து. படத்தின் பயன் வேறு இடத்தில். அந்நாளைய மருந்துகள் உடலில் அடையாளம் விட்டன. நெவிரபின் முதல் 14 நாள் தினம் ஒரு மாத்திரை, பிறகு இரண்டு. அந்த முதல் வாரங்களில் தோல் தடிப்பு வரலாம், பொருட்படுத்தாமல் விட்டால் சிலருக்கு உயிருக்கே ஆபத்து. சிடோவுடின் ரத்தசோகையைத் தரும். ஸ்டாவுடின் உள்ளங்காலில் எரிச்சலையும் மரப்பையும், நாளாக நாளாகக் கன்னமும் கைகாலும் வற்றிப்போவதையும் தரும். ஐந்து நிமிட மருத்துவர் சந்திப்பில் 'பரவாயில்லை' என்று சொல்லிவிடும் ஒருவர், தாளில் பாதத்துக்கு நெருப்பு நிறம் கொடுப்பார். அதைக் கண்டு 'இது எப்போதிருந்து?' என்று கேட்கத் தெரிந்த சுகாதாரப் பணியாளர் அறையில் இருந்தால், மருந்தை மாற்ற வழி பிறக்கும். இல்லாவிட்டால் அது வெறும் சிவப்பு.

படம் யாருடையது

பாம்பனானி பெண்களின் படங்களும் கதைகளும் 2003இல் நூலாக வந்தன. மருந்து வழக்கில் தீர்ப்புச் சொன்ன அதே அரசியல் சாசன நீதிமன்றத்தின் கலைத் தொகுப்பில், ஜோகன்னஸ்பர்க்கில், அந்த உடல் வரைபடங்கள் இடம்பெற்றன. நோயை மறைத்து வாழ வேண்டிய நாட்டில் அந்தப் பெண்கள் வெளிப்படையாக நின்றது அரசியல் செயல். 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று எழுதிய பனியனோடு தெருவில் இறங்கிய இயக்கத்தின் தோள் அவர்களுக்கு இருந்தது.

அந்தத் தோள் இல்லாத இடத்தில் ஆளுயரப் படத்தைக் காத்திருப்புக் கூடத்தில் மாட்டுவது வேறு கதை. பெயரை அழித்தாலும் உயரம், தழும்பு, ஊர்ச் சின்னம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எனவே ஒப்புதலை இரண்டு முறை வாங்க வேண்டும்: பட்டறைக்கு முன்பு ஒன்று, படம் முடிந்து சில வாரம் கழித்து இன்னொன்று. முன்பு கையெழுத்துப் போட்டவருக்குத் தான் எதை வரையப்போகிறோம் என்று தெரிந்திருக்காது. புகைப்படம், கண்காட்சி, அச்சு மூன்றுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். அசல் படம் வரைந்தவருக்கு. வீட்டில் வைக்க முடியாதவருக்காக அமைப்பு பூட்டிய இடத்தில் வைத்திருந்து, கேட்ட அன்றே கொடுக்க வேண்டும்.

கனடாவின் டொரொன்டோவில் டெனிஸ் கஸ்டால்டோவும் சக ஆய்வாளர்களும் ஆவணமற்ற தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி ஆராய்ந்தபோது இந்த முறையை எடுத்து, 2012இல் தங்கள் வழிமுறையை வெளியிட்டார்கள். அவர்கள் படத்தைத் தனியாக விடவில்லை. கூடவே தன்னிலையில் சொன்ன ஒரு சிறு கதையும், தாளில் உள்ள ஒவ்வொரு குறியும் என்ன என்று வரைந்தவரே சொன்ன விளக்கப் பட்டியலும் சேர்த்தார்கள். பெயரையோ முகத்தையோ காட்டினால் நாடுகடத்தப்படக்கூடியவர்களுக்கு அது பாதுகாப்பான வழியாகவும் அமைந்தது. பட்டறை முடிந்த அன்றே, வண்ணம் காயும் நேரத்தில், அந்தப் பட்டியலை வரைந்தவர் சொல்லச் சொல்ல எழுதிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் இடது தோளில் உள்ள நீலப் புள்ளி எதற்கு என்று அவருக்கே உறுதியாகச் சொல்ல வராது. ஆய்வாளர் ஊகத்தில் ஒன்றை எழுதிவிடுவார்.